வீட்டுக் கூடத்தில் பதிந்த ஜாஸ்

‘ஆட்டம் லீவ்ஸ்’ என்ற பாட்டைத் தொடாத ஜாஸ் கலைஞர் அரிது. இருந்தாலும் கேனன்பால் ஆடர்லியின் ‘சம்திங் எல்ஸ்’ இசைத்தட்டில் இருக்கும் வாசிப்பு தனி ரகம். ஐந்து பேரும் சேர்ந்து கொஞ்சம் மிரட்டலான ஒரு முன்னுரை வாசிக்கிறார்கள். அது அடங்கியதும் மைல்ஸ் டேவிஸின் டிரம்பெட் மெட்டை எடுக்கிறது. டிரம்பெட் என்றதும் கல்யாண பேண்டில் காதைத் துளைக்கும் சத்தம்தான் நமக்கு நினைவுக்கு வரும். இது அதற்கு நேர் எதிர். தகரமும் மூச்சும் கலந்த மெலிந்த குரல், ஆனால் கன்னத்தை ஒட்டி நிற்கிறது.

டேவிஸ் தன் டிரம்பெட்டின் வாயில் ஹார்மன் மியூட் என்ற அலுமினியக் குடுவையைச் செருகியிருக்கிறார். மற்ற மியூட்களில் ஓரமாகக் காற்று கசிய இடம் இருக்கும். இதில் விளிம்பைச் சுற்றித் தக்கை இருப்பதால் ஒரு பொட்டுக் காற்றும் பக்கவாட்டில் தப்பாது. ஊதும் மூச்சு முழுக்கக் குடுவைக்குள் புகுந்து, நடுவிலுள்ள துளை வழியாகத்தான் வெளியேற வேண்டும். அந்தத் துளையில் ஒரு சிறு குழல் இருக்கும். டேவிஸ் அதைக் கழற்றிவிட்டு வாசிப்பார். குடுவை, ஒலியின் தாழ்ந்த அதிர்வெண்களை விழுங்கிக்கொண்டு உயர்ந்தவற்றை மட்டும் ஓரளவு வெளியே விடுகிறது. அந்த ரீங்காரம் இதனால் வருவது. கூடவே சத்தமும் சுருங்கிப்போகிறது. பக்கத்தில் ஆர்ட் பிளேக்கி டிரம்ஸ் வாசித்துக்கொண்டிருக்க, பத்தடி தள்ளி உட்கார்ந்திருப்பவருக்கு இந்த நுணுக்கமெல்லாம் எட்டவே எட்டாது. நாம் கேட்பது, குடுவையின் வாயருகே இருந்த ஒரு மைக் கேட்டதை.

‘சம்திங் எல்ஸ்’ தட்டை வெளியிட்ட ப்ளூ நோட் நிறுவனத்தின் பழைய தட்டுகளில் எதைக் கேட்கலாம் என்று ஒரு பட்டியல் கொடுப்பது சுலபம். அதைவிட, அவற்றில் என்ன நடக்கிறது என்று சொல்வது எனக்குப் பிடிக்கும். அந்தத் தட்டுகளில் பதிந்திருப்பது அறையின் நகல் இல்லை. அந்த அறையில் எங்கே நின்றிருந்தாலும் யாரும் கேட்டிருக்க முடியாத ஒன்று. அதைக் கட்டியெழுப்பியவருக்குப் பகலில் வேறு வேலை: கண்ணைச் சோதித்துக் கண்ணாடிக்குப் பவர் எழுதிக்கொடுப்பது.

ரூடி வான் கெல்டர் 1924ல் பிறந்தவர்; ஃபிலடெல்ஃபியாவில் ஆப்டோமெட்ரி படித்தவர். நியூ ஜெர்சி மாநிலம் ஹேக்கன்சாக்கில் அவருடைய பெற்றோர் வீடு கட்டியபோது, மகனின் ஒலிப்பதிவுப் பைத்தியத்துக்காகக் கூடத்தை ஒட்டி ஒரு சிறு அறை விட்டார்கள். நடுவில் கண்ணாடி ஜன்னல். கூடத்தில் பியானோவும் கலைஞர்களும், கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இவரும் கருவிகளும். ப்ளூ நோட் 1953லிருந்து இங்கே வரத் தொடங்கியது. ‘சம்திங் எல்ஸ்’ 1958 மார்ச் 9 அன்று பதிந்தது இந்தக் கூடத்தில்தான். தெலோனியஸ் மங்க் இந்த ஊர்ப் பெயரையே தன் உருப்படி ஒன்றுக்கு வைத்திருக்கிறார். கண் வேலையை வான் கெல்டர் 1959 வரை விடவில்லை. அங்கே சம்பாதித்த காசு இங்கே மைக் வாங்கப் போனது.

அந்த மைக்குகளில் முக்கியமானது ஜெர்மானிய நிறுவனமான நாய்மன் தயாரித்த யூ-47. தங்கப் பூச்சிட்ட மெல்லிய பிளாஸ்டிக் சவ்வு ஒன்று, துளையிட்ட ஒரு தகட்டை உரசாமல் அதன் முன்னே விரைப்பாக நிற்கும். இரண்டும் சேர்ந்து ஒரு மின்தேக்கி. ஒலி சவ்வை அசைக்க, இடைவெளி மாற, மின்னழுத்தமும் அதே கதியில் மாறும். சவ்வுக்கு எடை என்று சொல்லும்படி ஒன்றுமில்லாததால் பிரஷ் டிரம்மில் உரசுவதுவரை எல்லாவற்றுக்கும் அது அசைந்து கொடுக்கும். அமெரிக்காவில் இதை முதலில் வாங்கியவர்களில் வான் கெல்டரும் ஒருவர்.

வாங்கியதைவிட அதை எங்கே வைத்தார் என்பதுதான் சங்கதி. கருவிக்கும் மைக்குக்கும் உள்ள தூரத்தைப் பாதியாக்கினால், நேராக வரும் ஒலியின் அழுத்தம் இரு மடங்காகும். ஆனால் சுவரிலும் கூரையிலும் பட்டுத் திரும்பி அறை முழுக்கச் சுற்றும் ஒலி, மைக் எங்கிருந்தாலும் ஏறக்குறைய ஒரே அளவுதான். ஆக மைக்கை நெருக்க நெருக்க அறை தேய்ந்து கருவி வளர்கிறது. சாக்ஸபோன்காரர் மூச்சு இழுப்பது, விரல்கட்டை மூடும் ‘டப்’ சத்தம், நாணல் ஈரமாக அதிர்வது எல்லாம் உள்ளே வந்துவிடும். இந்த வகை மைக்குகளுக்கு இன்னொரு குணமும் உண்டு: ஒரே திசையைக் கேட்கும்படி வைத்து மிக அருகே கொண்டுபோனால், அடிக்குரல் இயல்பைவிடத் தடித்துக் கேட்கும். வானொலி அறிவிப்பாளர்களின் கனத்த குரலில் பாதி, மைக்கின் உபயம்.

எல்லோருக்கும் இது பிடித்துவிடவில்லை. வான் கெல்டர் ஆட்களின் தொனியையே மாற்றிவிடுகிறார், அதனால் அவரிடம் போக மாட்டேன் என்று பாஸ் கலைஞர் சார்ல்ஸ் மிங்கஸ் பத்திரிகையில் வெளிப்படையாகச் சொன்னார். பியானோ பெட்டிக்குள் அடைத்ததுபோலக் கேட்கிறது என்ற குறை இன்றும் உண்டு. அதில் நியாயம் இருக்கிறது என்றே எனக்கும் படுகிறது. வான் கெல்டர் பதிலே சொல்லவில்லை. கையுறை மாட்டிக்கொண்டு கருவிகளைத் தொடுவார்; மற்றவர்களைத் தொட விடமாட்டார்; எந்த மைக்கை எப்படி வைத்தார் என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார்.

ப்ளூ நோட்டின் கதை இந்தக் கூடத்துக்கு முன்பே தொடங்கியது. ஆல்ஃப்ரெட் லயன் 1908ல் பெர்லினில் பிறந்த யூதர். பதின்ம வயதில் அங்கே வந்த ஓர் அமெரிக்க ஜாஸ் குழுவைக் கேட்டு மயங்கியவர். நாஜிகள் வந்தபின் நாட்டைவிட்டு வந்து நியூயார்க்கில் தங்கினார். 1938 டிசம்பர் 23 அன்று கார்னகி ஹாலில் நடந்த ஒரு கச்சேரியில் ஆல்பர்ட் அம்மன்ஸ், மீட் லக்ஸ் லூயிஸ் என்ற இரண்டு பியானோ கலைஞர்களைக் கேட்டார். இரண்டு வாரம் போனதும், 1939 ஜனவரி 6 அன்று, அவர்களை ஒரு ஸ்டுடியோவுக்கு அழைத்துப்போய்ப் பதிவு செய்தார். மேக்ஸ் மார்குலிஸ் என்ற எழுத்தாளர் பணம் போட்டார். அந்த ஆண்டின் இறுதியில் பெர்லினிலிருந்து தப்பிவந்த பால்ய நண்பர் ஃப்ரான்சிஸ் வுல்ஃப் சேர்ந்துகொண்டார். வுல்ஃப் புகைப்படக்காரர். பிற்காலத்தில் அவர் எடுத்த படங்களை வெட்டி, எழுத்துகளைப் பெரிதாக்கி உறைகளை வடிவமைத்த ரீட் மைல்ஸுக்கு ஜாஸில் பெரிய ஆர்வம் கிடையாது. மேற்கத்திய செவ்விசை கேட்பவர். அந்த உறைகளை இன்று சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுகிறார்கள்.

லயன் பதிந்த முதல் தட்டுகள் நிமிடத்துக்கு 78 சுற்று சுழன்றவை. அவற்றின் மூலப்பொருளுக்கும் இந்தியாவுக்கும் நேரான தொடர்பு உண்டு. 78 சுற்றுத் தட்டு என்பது அரக்கும் கல்பொடியும் சேர்ந்த கலவை. சோட்டாநாக்பூர் காடுகளில் புரசு, இலந்தை மரக் கிளைகளில் ஒட்டிக்கொண்டு சாறு உறிஞ்சும் ஒரு பூச்சி தன்னைச் சுற்றிக் கட்டும் பிசின் கூடுதான் அரக்கு. உலகத்துக்குத் தேவையான அரக்கில் பெரும்பகுதி இங்கிருந்துதான் போனது. போர்க் காலத்தில், 1942ல், அமெரிக்க அரசு அரக்குக்கு ரேஷன் போட்டதும் தட்டு கம்பெனிகள் பழைய தட்டுகளைத் திரும்ப வாங்கி அரைக்க வேண்டியிருந்தது.

பத்து அங்குல அரக்குத் தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல் அடங்கும். அந்தக் கால ஜாஸ் பாட்டுகள் மூன்று நிமிடத்தில் முடிவது கலைஞனின் தேர்வு இல்லை. தட்டின் விட்டம் போட்ட உத்தரவு. லயன் 1939லேயே இதை மீறினார். பெரும்பாலும் செவ்விசைக்கே ஒதுக்கியிருந்த 12 அங்குலத் தட்டில் சிட்னி பெஷேயை ‘சம்மர்டைம்’ வாசிக்கவைத்தார். ஒரு நிமிடம் கூடுதலாகக் கிடைத்தது. நிறுவனத்தின் முதல் வெற்றியும் அதுதான். 1948ல் வினைல் எல்.பி. வந்து, பக்கத்துக்கு இருபது நிமிடம் என்றானபோது, இந்த மனிதருக்கு அது எவ்வளவு பெரிய கொடையாகத் தெரிந்திருக்கும்!

நேரம் விஷயத்தில் லயன் செய்த இன்னொரு காரியம் சத்தமில்லாதது. பதிவுக்கு முன்னால் ஓரிரு நாள் ஒத்திகைக்குக் கலைஞர்களுக்குச் சம்பளம் கொடுத்தார். அந்தக் காலச் சிறு நிறுவனங்களில் இது வழக்கமில்லை. மதியம் வா, தெரிந்த பாட்டை வாசி, காசை வாங்கிக்கொள் என்பதுதான் நடைமுறை. அதே வான் கெல்டர், அதே கூடம், பல நேரம் அதே ஆட்கள், ஆனால் போட்டி நிறுவனத்தின் தட்டில் தொடக்கமும் முடிவும் தளர்ந்திருக்கும், ப்ளூ நோட்டில் கச்சிதமாக இருக்கும். இந்த வித்தியாசத்துக்கு ஒலி இயலில் பதில் இல்லை. கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது.

அறை என்ன செய்கிறது என்று கேட்க ஒரு சுலபமான சோதனை உண்டு. இரண்டு தட்டு வேண்டும். ஆர்ட் பிளேக்கியின் குழு 1958 அக்டோபர் 30 அன்று ஹேக்கன்சாக் கூடத்தில் பதிந்த ‘மோனின்’ ஒன்று. 1960 பிப்ரவரி 7 அன்று பதிந்த ஹாங்க் மோப்லியின் ‘சோல் ஸ்டேஷன்’ இன்னொன்று. இரண்டிலும் டிரம்ஸ் பிளேக்கி, பதிவாளர் வான் கெல்டர். அறை மட்டும் வேறு. 1959 ஜூலையில் அவர் எங்கிள்வுட் கிளிஃப்ஸில் தனியாக ஒரு ஸ்டுடியோ கட்டிக்கொண்டு போய்விட்டார். கட்டடக் கலைஞர் ஃப்ராங்க் லாய்ட் ரைட்டின் பாணியைப் பின்பற்றிய டேவிட் ஹென்கன் வடிவமைத்தது அது. செங்கல் சுவர், மர வளைவுகள், 39 அடி உயரத்தில் தேவதாரு மரக் கூரை.

ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும். சாதாரண வீட்டில் கூரையில் பட்டுத் திரும்ப அதற்குப் பன்னிரண்டு மில்லிநொடி போல ஆகும். 39 அடிக் கூரையில் மோதித் திரும்ப அறுபது மில்லிநொடிக்கு மேல். காதுக்கு இந்த வேறுபாடு வெறும் தாமதம் இல்லை. ஒரு சத்தத்தைத் தொடர்ந்து முப்பது மில்லிநொடிக்குள் வரும் எதிரொலியை மூளை தனியாகக் காட்டாது. முதல் சத்தத்தோடு சேர்த்து ஒட்டிவிடும். சத்தம் சற்றுப் பெருத்தாற்போல் இருக்கும், அவ்வளவுதான். ஹெல்முட் ஹாஸ் என்ற ஜெர்மானியர் 1949ல் இதை அளந்து காட்டினார். ஐம்பது மில்லிநொடியைத் தாண்டினால் ஒட்டு விட்டுப்போகும். ஒலிக்குப் பின்னால் வெளி இருப்பது தெரியவரும். ‘மோனின்’ தட்டில் பிளேக்கியின் ஸ்நேர் டிரம் தடித்து, இறுகி, முன்னால் நிற்கிறது. ‘சோல் ஸ்டேஷனி’ல் அதே கைக்குப் பின்னால் கொஞ்சம் ஆகாயம் திறந்திருக்கிறது. கவனம் வைக்க நல்ல இடம் சிம்பல். ஓங்கி அடித்த சிம்பலில் முதலில் கிளம்புவது அடர்ந்த தாழ்ந்த அதிர்வுகள். அவை தகட்டுக்குள்ளேயே ஒன்றோடொன்று மோதி, சில பத்து மில்லிநொடிகளில் உயர்ந்த அதிர்வெண்களாகச் சிதறுகின்றன. அந்தப் பளபளப்பு அடிக்குப் பிறகு மலர்வது. கூரை உயர்ந்த அறையில் அது மலர இடமும் இருக்கிறது.

‘ப்ளூ டிரெய்ன்’ பற்றிச் சொல்லாமல் நகர முடியாது. 1957 செப்டம்பர் 15, ஹேக்கன்சாக். ஜான் கோல்ட்ரேன் ப்ளூ நோட்டுக்குத் தன் தலைமையில் கொடுத்த ஒரே தட்டு. டிரம்பெட்டில் லீ மார்கன், வயது 19. டிராம்போனில் கர்ட்டிஸ் ஃபுல்லர். தலைப்புப் பாட்டின் தொடக்கத்தில் மூன்று ஊதுகருவிகளும் சேர்ந்து மெதுவாக ஒரு வாக்கியத்தைச் சொல்கின்றன. மூன்றும் பித்தளைதான்; ஆனால் அடுத்தடுத்து தனி ஆவர்த்தனம் வரும்போது டிரம்பெட்டும் டிராம்போனும் அழுத்தி ஊதுமிடத்தில் கிழிகிற மாதிரி ஒரு விளிம்பு கிளம்பும், சாக்ஸபோனில் அது கிளம்பாது. காரணம் உலோகத்தில் இல்லை, குழாயின் வடிவத்தில்.

பலமாக ஊதும்போது டிராம்போனுக்குள் ஏறி இறங்கும் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தில் சில சதவீதம்வரை போகும். அந்த அளவில் ஒலி நல்லபிள்ளையாக நடந்துகொள்ளாது. அலையின் நெருக்கமான பகுதியில் காற்று சற்றுச் சூடாகிறது; சூடான காற்றில் ஒலி வேகமாகப் போகும். எனவே அலையின் முகடு தன் முன்னாலிருக்கும் பள்ளத்தை எட்டிப் பிடிக்கப் பார்க்கிறது. அலையின் முகம் செங்குத்தாகிறது. போதுமான நீளத்துக்கு ஒரே விட்டமுள்ள குழாய் இருந்தால் அது அதிர்ச்சி அலையாகவே மாறிவிடும், ஒலியைவிட வேகமாகப் பறக்கும் விமானம் எழுப்பும் அதே வகை. நெதர்லாந்து, பிரான்ஸ் ஆய்வாளர்கள் 1996ல் டிராம்போனில் இதை அளந்து வெளியிட்டார்கள். சாக்ஸபோனின் குழாய் வாயிலிருந்து அடிவரை கூம்பாக விரிந்துகொண்டே போவதால் அலை பரவித் தளர்ந்துவிடுகிறது. செங்குத்தாக அதற்கு வாய்ப்பில்லை. கோல்ட்ரேன் எவ்வளவு வேகமாக வாசித்தாலும் அந்தக் குரல் உருண்டையாகவே இருப்பதற்கு இது ஒரு காரணம். மற்ற காரணங்கள் கோல்ட்ரேன்.

நிறுவனத்தின் பெயரில் இருக்கும் ‘ப்ளூ நோட்’ ஒரு ஸ்வரம். கர்நாடக சங்கீதம் தெரிந்தவருக்கு ஒரு வரியில் சொல்லிவிடலாம்: சாதாரண காந்தாரத்துக்கும் அந்தர காந்தாரத்துக்கும் நடுவே நிற்கும் காந்தாரம். குரலிலும் சாக்ஸபோனிலும் அங்கே போய் நிற்பது எளிது. கிதாரில் கம்பியை ஓரமாகத் தள்ள வேண்டும். அதிர்வெண் இழுவிசையின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. ஆகவே கால் ஸ்வரம் ஏற்ற இழுவிசை சுமார் ஆறு சதவீதம் கூடினால் போதும். தள்ளினால் ஸ்ருதி ஏறும், இறங்காது. அதனால் கிதார்காரர்கள் இந்த ஸ்வரத்தைக் கீழிருந்து ஏறித்தான் தொடுகிறார்கள். கென்னி பரலின் ‘மிட்நைட் ப்ளூ’ (1963) தட்டில் இதை நிதானமாகக் கேட்கலாம். பியானோ கிடையாது, காங்கோ டிரம்மும் ஸ்டான்லி டரன்டீனின் சாக்ஸபோனும் இருக்கும், அவசரமே இருக்காது.

பியானோவில்தான் சிக்கல். இரண்டு கட்டைக்கு நடுவே கட்டை இல்லை. அதற்குப் பியானோக்காரர்கள் கண்ட வழி, அடுத்தடுத்த இரண்டையும் சேர்த்து அழுத்துவது. 311 ஹெர்ட்ஸும் 330 ஹெர்ட்ஸும் ஒன்றாக ஒலித்தால் அவற்றின் வேறுபாட்டுக்கேற்ப நொடிக்குப் பத்தொன்பது முறை போல சத்தம் துடிக்கும். எண்ண முடியாத வேகம், ஆனால் மழுங்கியும் போகாது. காதுக்குச் சொரசொரப்பாகத் தட்டுப்படும். மங்க் இந்தச் சொரசொரப்பிலேயே வீடு கட்டிக் குடியிருந்தவர். 1947ல், முப்பது வயதானபோது, அவரைத் தலைமைக் கலைஞராக முதன்முதலில் பதிவு செய்தது லயன்தான். தட்டுகள் விற்கவில்லை. அதற்காக லயன் பதிவதை நிறுத்தவுமில்லை. ‘ஜீனியஸ் ஆஃப் மாடர்ன் மியூசிக்’ என்ற பெயரில் அவை இன்று கிடைக்கின்றன. ஒலித்தரம் பழசு, விரல்கள் புதுசு.

ஜிம்மி ஸ்மித்தின் ‘பேக் அட் த சிக்கன் ஷேக்’ கேட்கும்போது எனக்கு இசைக்கு முன்னால் கடிகாரம் நினைவுக்கு வந்துவிடும். அதில் அவர் வாசிக்கும் ஹேமண்ட் ஆர்கனைக் கண்டுபிடித்த லாரன்ஸ் ஹேமண்ட், மின்சாரக் கடிகாரம் செய்து விற்றவர். மின்சாரத்தின் 60 ஹெர்ட்ஸ் துடிப்போடு பூட்டிக்கொண்டு ஒரே வேகத்தில் சுழலும் மோட்டார் அவர் கையில் இருந்தது. 1935ல் அதைக்கொண்டு ஆர்கன் செய்தார். உள்ளே 91 சிறு உலோகச் சக்கரங்கள். விளிம்பில் மேடு பள்ளம். ஒவ்வொன்றின் எதிரிலும் கம்பி சுற்றிய காந்தம். மேடு கடக்கும்போதெல்லாம் ஒரு மின்துடிப்பு. மோட்டார் நொடிக்கு 20 சுற்று. 88க்கு 64 என்ற பற்சக்கர விகிதத்தில் ஏற்றினால் 27.5 சுற்று, அந்தச் சக்கரத்தில் 16 மேடு இருந்தால் துல்லியமாக 440 ஹெர்ட்ஸ். இந்த ஒரு ஸ்வரத்துக்கு மட்டும் கணக்கு இப்படிச் சரியாக வரும். மேற்கத்திய பன்னிரண்டு ஸ்வரங்களின் இடைவெளி பின்னத்தில் அடங்காத எண். பல்லோ முழு எண்ணிக்கையில்தான் இருக்க முடியும், அரைப் பல் கிடையாது. எனவே மற்ற ஸ்வரங்களுக்கு நெருக்கமான விகிதம் தேடினார்கள். நடு ‘சி’க்கு 85க்கு 104. வருவது 261.54 ஹெர்ட்ஸ், வர வேண்டியது 261.63. ஒரு ஹெர்ட்ஸில் பத்தில் ஒரு பங்குகூடப் பிசகவில்லை.

கட்டையை அழுத்தியதும் ஒன்பது தொடுமுனைகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்வதால் ‘டிக்’ என்று ஒரு சத்தம் வரும். செய்தவர்களுக்கு அது குறை. ஸ்மித்துக்கு அது தாளம். அதே மாதிரிதான் ஆர்கனோடு இணைக்கும் லெஸ்லி ஒலிபெருக்கியும்: பெட்டிக்குள் ஊதுகுழல் ஒன்று வேகமாகச் சுற்றும், வாய் நம்மை நோக்கி வரும்போது ஸ்ருதி ஏறும், விலகும்போது இறங்கும். ரயில் கடக்கும்போது அதன் ஊதல் மாறுவதற்குச் சொல்லப்படும் டாப்ளர் விளைவு, நொடிக்கு ஏழு முறை போல. ஹேமண்டுக்கு அந்தப் பெட்டி பிடிக்கவே பிடிக்காது. வாசித்தவர்கள் அவரைப் பொருட்படுத்தவில்லை.

எரிக் டால்ஃபியின் ‘அவுட் டு லஞ்ச்’ இந்த வரிசையில் கொஞ்சம் முரண்டு பிடிக்கும் தட்டு. 1964 பிப்ரவரி 25 அன்று பதிந்தது. ஜூன் 29 அன்று டால்ஃபி பெர்லினில் இறந்துபோனார், நீரிழிவு மயக்கம், வயது 36. தட்டு வெளிவந்தது அதன் பிறகு. உறையில் ஒரு கடைக் கதவு, ‘திரும்பி வருவேன்’ என்ற பலகை, அதிலுள்ள கடிகாரத்துக்கு மணி சொல்ல முடியாதபடி ஏகப்பட்ட முட்கள். டிரம்ஸ் வாசித்த டோனி வில்லியம்ஸுக்கு அப்போது 18 வயது. பியானோ இருக்க வேண்டிய இடத்தில் பாபி ஹட்சர்சனின் வைப்ரஃபோன்.

அதன் அலுமினியக் கட்டைகளைத் திருப்பிப் பார்த்தால் அடிவயிற்றில் வளைவாகக் குடைந்திருப்பார்கள். ஒரே தடிமனுள்ள கட்டையை அடித்தால் அடிப்படை அதிர்வுக்கு மேலே அடுத்து வருவது அதைப்போல 2.76 மடங்கு, எந்த ஸ்வரத்திலும் சேராத அபஸ்வரம். நடுவில் குடைந்து மெலிதாக்கினால் அடிப்படை அதிர்வு கீழே இறங்கி, இரண்டாவது சரியாக நான்கு மடங்கில், இரண்டு ஸ்தாயி மேலே, வந்து உட்காரும். ஒவ்வொரு கட்டைக்கும் கீழே அடி மூடிய ஒரு குழாய், நீளம் அலைநீளத்தில் கால் பங்கு: 440 ஹெர்ட்ஸுக்கு சுமார் 19 சென்டிமீட்டர். சுத்தமான, குளிர்ந்த, வெகுநேரம் நீடிக்கும் மணியொலி. பியானோவின் நெருக்கமான ஸ்வரக் கூட்டம் போய் இது வந்ததும் இசைக்குள் இடம் காலியாகிறது. அந்தக் காலியிடத்தில் வில்லியம்ஸ் தாளத்தைக் கலைத்துக் கலைத்துப் போடுகிறார். முதல் தட்டாக இதைக் கேட்காதீர்கள், மிரண்டுவிடுவீர்கள்.

கூடத்தில் பதிந்தது ஒரு பாதி. தட்டில் வெட்டியது மறு பாதி. வான் கெல்டர் நாடாவில் பதிந்ததோடு நிற்காமல், தட்டுக்கான மூல வெட்டையும் தானே வெட்டினார். பெரும்பாலான பதிவாளர்கள் அதை வேறொருவரிடம் விட்டுவிடுவார்கள். ஒரு எல்.பி.யின் ஒரு பக்கத்து வரிப்பள்ளத்தைப் பிரித்து நீட்டினால் நானூறு மீட்டரைத் தாண்டும். தட்டு ஒரே வேகத்தில் சுற்றினாலும் ஊசிக்கடியில் பள்ளம் ஓடும் வேகம் ஒன்றில்லை. வெளிச் சுற்றில் நொடிக்குச் சுமார் 50 சென்டிமீட்டர், உள் சுற்றில் 23. பத்தாயிரம் ஹெர்ட்ஸ் அதிர்வு ஒன்று வெளியே 0.05 மில்லிமீட்டர் நீளத்துக்குக் காலை நீட்டிப் படுத்திருக்கும், உள்ளே 0.023 மில்லிமீட்டருக்குள் முடங்க வேண்டும். ஊசி முனை அந்த நெருக்கத்தில் தடுமாறும். ஆகவே ஒரு பக்கத்தின் முதல் பாட்டுக்கே நல்ல இடம்.

அந்த நல்ல இடத்தில் உட்கார்ந்து நிறுவனத்தையே புரட்டிப்போட்டது லீ மார்கனின் ‘த சைட்வைண்டர்’. 1963 டிசம்பர் 21 அன்று பதிந்தது. பத்து நிமிடப் பாட்டு. இடுப்பை ஆட்டவைக்கும் தாளம். பில்லி ஹிகின்ஸ் டிரம்ஸில் விடாமல் தள்ளிக்கொண்டே இருப்பார். பில்போர்ட் ஆல்பம் பட்டியலில் 25ஆம் இடம்வரை ஏறியது, ஜாஸ் தட்டுக்கு அது அதிசயம். சிறு கம்பெனிக்கு வெற்றியும் ஒரு கஷ்டம்தான். அச்சடிக்கக் காசு முன்னால் போகும், விநியோகஸ்தர்களிடமிருந்து பணம் மெதுவாகத்தான் வரும், அடுத்த வெற்றி எங்கே என்ற கேள்வி மட்டும் உடனே வரும். அதன்பின் வந்த பல ப்ளூ நோட் தட்டுகளின் முதல் பாட்டு ‘சைட்வைண்டர்’ ஜாடையில் இருப்பதைக் கவனிக்கலாம். 1965ல் லயன் நிறுவனத்தை லிபர்ட்டி ரெகார்ட்ஸுக்கு விற்றார், 1967ல் ஒதுங்கிக்கொண்டார். ஹெர்பி ஹேன்காக்கின் ‘மெய்டன் வாயேஜ்’, வெய்ன் ஷார்ட்டரின் ‘ஸ்பீக் நோ ஈவில்’, ஹாரஸ் சில்வர் தன் அப்பாவின் படத்தையே உறையில் போட்ட ‘சாங் ஃபார் மை ஃபாதர்’ எல்லாம் இந்தக் கடைசி வருடங்களின் அறுவடை. அவற்றைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

பழைய அச்சுகளைத் தேடுபவர்கள் தட்டின் உள்விளிம்பில், பாட்டு முடிந்து வெறுமையாக இருக்கும் வட்டத்தில், இரண்டு அடையாளம் பார்ப்பார்கள். வான் கெல்டரின் பெயர் முத்திரை ஒன்று. அச்சடித்த பிளாஸ்டிலைட் ஆலையின் வளைந்த ‘பி’ எழுத்து இன்னொன்று. அது காது வடிவில் இருப்பதால் காதுக்குறி என்றே அழைக்கிறார்கள். இரண்டும் இருந்தால் விலை எங்கேயோ போய்விடும். ஆயிரக்கணக்கான தட்டுகளை வெட்டிய வான் கெல்டருக்கு இந்த மோகம் கிடையாது. ஒலியைக் கெடுப்பதில் எல்.பி. தட்டுதான் முதல் குற்றவாளி, அது போனதே நல்லது என்று 1995ல் பேட்டி கொடுத்தார். பிறகு தன் பழைய நாடாக்களைத் தானே டிஜிட்டலுக்கு மாற்றிக்கொடுத்தார். 2016ல் இறந்தார்.

செல்போனில் கேட்பவர்கள் ஒன்று கவனிக்கலாம். 1957 முதல் வான் கெல்டர் இரட்டைத் தடத்தில் பதியத் தொடங்கிவிட்டாலும், ஆரம்ப காலத்தில் பதிவின்போது கேட்டுச் சரிபார்த்தது ஒற்றை ஒலிபெருக்கியில். ஸ்டீரியோ பதிப்புகளில் ஊதுகருவிகள் ஒரு காதிலும், பியானோவும் டிரம்ஸும் மறு காதிலுமாகப் பிரிந்து கிடப்பதற்கு அதுதான் காரணம். ஹெட்போனில் கேட்டால் தலை இரண்டாகப் பிளந்த மாதிரி இருக்கும். மோனோ பதிப்பு கிடைத்தால் அதை எடுங்கள். கிடைக்காவிட்டால் போனின் அமைப்புகளில், காது கேட்பதில் குறையுள்ளவர்களுக்கான பகுதியில் ‘மோனோ ஆடியோ’ என்று ஒரு பொத்தான் இருக்கும். ‘ப்ளூ டிரெய்ன்’ தொடங்குவதற்கு முன் அதைப் போட்டுவிடுங்கள்.